மூலையில் ஒண்டியிருக்கும் ஏஞ்சலை அங்கேயே விடுங்கள்

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறோம். மகளின் பிறந்தநாளுக்காக இரண்டடி மீன் தொட்டி வாங்கி, சனிக்கிழமை போர் தண்ணீர் நிரப்பி, மறுநாள் ஞாயிறன்று கொளத்தூர் போய் ஒரு ஏஞ்சலும் மூன்று கறுப்பு மாலியும் வாங்கி வந்தோம். வந்ததும் பையை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டோம். மாலிகள் அன்றைக்கே சாப்பிட ஆரம்பித்துவிட்டன. ஏஞ்சல் மட்டும் ஐந்து நாளாக ஃபில்டருக்குப் பின்னால் மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. சாப்பிடவில்லை, உடம்பில் இருந்த கறுப்புப் பட்டைகள் வெளிறிவிட்டன. கடையில் கேட்டால் கல் உப்பும் நீல மருந்தும் போடச் சொல்கிறார்கள். கணவர் தண்ணீரை முழுசாக மாற்றிவிடலாம் என்கிறார். மகள் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அழுகிறாள். என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாகக் கணவர் கையில் இருக்கும் வாளியை வாங்கிக் கீழே வையுங்கள். தண்ணீர் முழுவதையும் மாற்றினால் அந்த மீனுக்கு ஒரே வாரத்தில் இரண்டாவது தடவை வீடு மாறின மாதிரி, முதல் மாற்றத்தின் களைப்பே அதற்கு இன்னும் தீரவில்லை. நீல மருந்தைத் திறக்காதீர்கள். தொட்டி விளக்கை அணையுங்கள். இன்று ராத்திரி இரை போட வேண்டாம். மகளிடம், தட்டாமல் இருப்பதுதான் இப்போதைக்கு அந்த மீனுக்குப் பண்ணக்கூடிய பெரிய உதவி என்று சொல்லுங்கள். இவ்வளவும் ஐந்து நிமிட வேலை, முடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

மீன் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் மட்டும் நிதானமாகப் படிக்க நேரமில்லை. அப்படியென்றால் நேராகக் கீழே, தண்ணீர் மாற்றுவதைப் பற்றி எழுதியிருக்கும் இடத்துக்குப் போங்கள்.

நீங்கள் ஒரு பிரச்சினையை எழுதியிருக்கிறீர்கள், எனக்கு இரண்டு தெரிகிறது. ஏஞ்சல் பயந்துபோயிருக்கிறது, அது ஒன்று. அது சரியாகிவிடும், நீங்கள் சும்மா இருந்தாலே பாதி சரியாகிவிடும். இன்னொன்று உங்கள் தொட்டிக்கு வயது ஆறு நாள். அது இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, இன்னும் மூன்றிலிருந்து ஐந்து வாரம் உங்களைப் பாடாய்ப்படுத்தும். எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசிப் பேர் முதல் பிரச்சினைக்கு மருந்து ஊற்றி ஊற்றி இரண்டாவதைப் பெரிதாக்கிவிட்டுத்தான் எழுதுகிறார்கள். நீங்கள் ஊற்றுவதற்கு முன்னால் எழுதியிருக்கிறீர்கள், அதுவரைக்கும் சந்தோஷம்.

பயத்தை முதலில் பார்ப்போம். ஏஞ்சலின் அறிவியல் பெயரில் முதல் பாதி டெரோஃபில்லம், கிரேக்கத்தில் இறக்கை, இலை என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்தது. அமேசான் ஆற்றுப் படுகைதான் அதற்குச் சொந்த ஊர். கரையோரம் மூழ்கிக் கிடக்கும் மரக்கிளை, வேர், செடித்தண்டு, இதற்கு நடுவில்தான் அது வாழும். தட்டையான உடம்பும் செங்குத்தான கறுப்புப் பட்டையும் அதற்காகவே அமைந்தவை, தண்டுக்கு நடுவில் நின்றால் தண்டோடு தண்டாகப் போய்விடும். நீங்கள் வாங்கினது கொளத்தூர்ப் பக்கத்துப் பண்ணையில் பிறந்து வளர்ந்த குஞ்சாகத்தான் இருக்கும், அமேசானை அது கனவிலும் பார்த்திருக்காது, ஆனாலும் அந்தப் புத்தி போகவில்லை. அதைக் கொண்டுவந்து நாலு பக்கமும் கண்ணாடி, கீழே நீலக் கல், மேலே பளீரென்று எல்இடி, ஒதுங்க ஒரு குச்சிகூட இல்லை என்ற இடத்தில் விட்டால் அது எங்கே போகும்? இருக்கிற ஒரே மறைவு ஃபில்டருக்குப் பின்னால்தான். சரியான இடத்தைத்தான் தேடிப் பிடித்திருக்கிறது, அங்கிருந்து அதை விரட்டாதீர்கள். தொட்டியில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நீலக் கல்லும் வாயைத் திறந்து குமிழி விடும் பொம்மைப் பெட்டியும் என் யூகம். இரண்டடித் தொட்டியை செட்டாகக் கொடுத்தால் பெரும்பாலும் அதுதான் வரும்.

செய்யவேண்டியது செலவில்லாதது. ஸ்டேஷனரி கடையில் இரண்டு கறுப்பு சார்ட் பேப்பர் வாங்கி, தொட்டியின் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் வெளியே செலோடேப் போட்டு ஒட்டிவிடுங்கள். முன்பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும். ஒட்டின மறுநாளே வித்தியாசம் தெரியும். விளக்கிலும் ஒரு விஷயம் உண்டு. அறை இருட்டாகவும் தொட்டிக்குள் வெளிச்சமாகவும் இருக்கும்போது உள்ளே கண்ணாடி முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆகிவிடும், ஏஞ்சல் தன் உருவத்தையே வேறொரு ஏஞ்சல் என்று நினைத்து மிரளும், இல்லாவிட்டால் சண்டைக்குப் போகும். விளக்கை மூன்று நாளைக்குப் போடாமல் விட்டால் அந்தத் தொல்லை இருக்காது. ஜன்னல் வெளிச்சம் போதும். அப்புறம் ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம், அதிலும் முதலில் அறை விளக்கு, பிறகு தொட்டி விளக்கு, அணைக்கும்போது தலைகீழ் வரிசை. இருட்டில் இருந்து பளீரென்று ஒரே நொடியில் வெளிச்சம் வந்தால் மீன் துள்ளிப்போய்க் கண்ணாடியில் மோதும், அதற்குக் கண்ணிமை கிடையாது.

மறைவுக்கு வீட்டில் மணி பிளான்ட் இருக்கிறதா? இரண்டு மூன்று கொடியை வெட்டி, இலை வெளியேயும் தண்டு தண்ணீருக்குள்ளேயும் இருக்கும்படி தொட்டியின் மூலையில் செருகுங்கள். பத்துப் பதினைந்து நாளில் வேர் விட்டு உள்ளே தொங்கும், ஏஞ்சலுக்கு அதைவிடப் பிடித்தது வேறு இல்லை. போதாக்குறைக்கு அந்த வேர் தண்ணீரில் சேரும் கழிவையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். தெருவில் பாதாம் மரம் இருந்தால் (நாட்டு வாதுமை என்பது அதுதான், பள்ளிக்கூட வாசலில் எல்லாம் நிற்கும்) தானாகக் காய்ந்து விழுந்த பழுப்பு இலை இரண்டைக் கழுவிப் போடலாம். தண்ணீர் லேசாக டீ நிறத்துக்கு வரும். பார்க்க அழகாக இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். மீனுக்கு அந்த மங்கல் பிடிக்கும். பூச்சிமருந்து அடிக்கிற இடத்து இலையும் பச்சை இலையும் வேண்டாம்.

தட்டுவதைப் பற்றி மகளுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டுமென்றால் இப்படிச் சொல்லுங்கள். சத்தம் காற்றில் போகிற வேகத்தைவிடத் தண்ணீரில் நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும். மீனுக்குக் காது உள்ளே இருக்கிறது, அது போக உடம்பின் இரண்டு பக்கமும் தலையிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடும், தண்ணீரில் ஏற்படும் சின்ன அசைவையும் அந்தக் கோட்டாலேயே உணரும். ஆக அவள் விரலால் தட்டுவது அதற்கு உடம்பு முழுக்க விழுகிற அடி. தொட்டி டிவிக்குப் பக்கத்திலோ, ஆள் வந்துபோகும் கதவோரத்திலோ, மிக்ஸி வைத்திருக்கும் மேடையிலோ இருந்தால் அதுவும் இதே கதைதான். ஆனால் தண்ணீர் நிரப்பின தொட்டியை நகர்த்தாதீர்கள், அடிக்கண்ணாடி விரிசல் விடும். டிவி சத்தத்தைக் குறைப்பது சுலபம்.

தட்டுகிற வேலையைப் பிடுங்கினால் பதிலுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். ஒரு நோட்டு, ஒரு பேனா. காலையிலும் சாயங்காலமும் தூரமாக உட்கார்ந்து ஏஞ்சலின் செவுள் மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை திறந்து மூடுகிறது என்று எண்ணி எழுதட்டும். எத்தனை இருக்கவேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள், மீனின் அளவையும் தண்ணீரின் சூட்டையும் பொறுத்து அது மாறும். நமக்கு வேண்டியது நேற்றைவிட இன்று குறைந்ததா கூடியதா என்பதுதான். நாளுக்கு நாள் குறைந்தால் பயம் தெளிகிறது. கூடிக்கொண்டே போனால் தண்ணீரில் கோளாறு. என் பண்ணையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

அந்தப் பை விஷயம். கவிழ்த்தது தப்புதான், ஆனால் அதற்காக இப்போது வருத்தப்பட்டுப் பயனில்லை, அடுத்த தடவைக்காகச் சொல்கிறேன். கொளத்தூர்க் கடைத் தண்ணீரும் உங்கள் போர் தண்ணீரும் ஒன்றல்ல. உங்கள் வீட்டுக்கு ஆர்ஓ சர்வீஸ் செய்ய வருகிறவரிடம் டிடிஎஸ் பேனா, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் கருவி, இருக்கும், அதை வாங்கிப் பையின் தண்ணீரிலும் தொட்டித் தண்ணீரிலும் விட்டுப் பார்த்தால் ஒன்று 400, மற்றது 1200 என்று காட்டினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு வெளித் தண்ணீரில் இருப்பதைவிட அதிகம், அதனால் தண்ணீர் எப்போதும் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும், சிறுநீரகம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், இழந்த உப்பைச் செவுள் திரும்ப இழுத்துக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கை வேறொரு தண்ணீருக்குத் தகுந்தபடி மாற்றி அமைக்க மீனுக்கு மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். ஒரே கவிழ்ப்பில் அதைச் செய் என்று சொல்லியிருக்கிறோம். மாலிகள் ஏன் அன்றைக்கே சாப்பிட்டன என்றால் அவை கடினத் தண்ணீர்ப் பிரியர்கள், மெதுவாகப் பழக்கினால் கடல் தண்ணீரிலேயே வாழும் இனம். உங்கள் போர் தண்ணீர் அவற்றுக்கு விருந்து.

அடுத்த முறை பையைக் கட்டு பிரிக்காமல் பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன் செய்யுங்கள். பிறகு பிரித்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரை ஊற்றுங்கள், அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை. கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விட்டுவிட்டுப் பைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள், அதில் கழிவும் இருக்கும், கடைத் தொட்டியின் நோயும் இருக்கலாம். கொளத்தூரிலிருந்து தாம்பரம் ஒன்றரை இரண்டு மணி நேரப் பயணம், அதற்கு இது சரி. வெளியூரிலிருந்து ஒரு நாள் முழுக்கப் பையில் அடைந்து பார்சலில் வரும் மீனுக்கு மட்டும் இந்த முறை ஆகாது. அந்தப் பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) இறங்கியிருக்கும், அந்த நிலையில் மீனின் கழிவில் வரும் அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், ஏறினால் அதே அம்மோனியா விஷமாகிவிடும். அப்படி வந்ததைச் சூட்டை மட்டும் சமன்செய்து சீக்கிரம் வெளியே எடுத்துவிடுவதுதான் நல்லது.

இனி தண்ணீர். நான் நிறைய எழுதப்போவது இங்கேதான், மீன்கள் சாவதும் இங்கேதான்.

மீன் விடும் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியாகவே வெளியேறும். மிச்ச இரை அழுகினாலும் அம்மோனியாதான். பழகின தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம், கடைசியில் வருவதை மீன் ஓரளவு தாங்கும். இந்த பாக்டீரியா தண்ணீரில் நீந்திக்கொண்டிருப்பதில்லை, ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டி வளரும். மாவு புளிக்க வைக்கும் கிருமிகள் ஒரே ராத்திரியில் வேலையை முடித்துவிடும், இவை அப்படி இல்லை, இரண்டு மடங்காவதற்கே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் சோம்பேறிகள். அதனால் புதுத் தொட்டி முழுசாகப் பழக நாலிலிருந்து ஆறு வாரம், நம் ஊர்ச் சூட்டுக்குக் கொஞ்சம் முன்பின். நீங்கள் ஒரே நாளில் மீன் விட்டுவிட்டீர்கள். கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் ஒரு மாதம் கழித்து வாங்க என்று சொல்லும் கடைக்காரரை நானும் அதிகம் பார்த்ததில்லை.

உங்கள் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்று வைத்துக்கொண்டால் விளிம்புவரை 56 லிட்டர், கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர். நாலு மீனுக்கு அது கொஞ்சம் தண்ணீர்தான். சென்னைப் புறநகர் போர் தண்ணீரில் பி.எச். பெரும்பாலும் 7.5க்கு மேலேயே இருக்கும், தொட்டியில் காற்று பட்டுக் கொஞ்சம் நின்றதும் 8ஐத் தொடும். இது ஏன் முக்கியம் என்றால், பி.எச். 7 தண்ணீரில் உள்ள அம்மோனியாவில் விஷ வடிவத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே பி.எச். 8 ஆகி, தண்ணீர்ச் சூடு 30 டிகிரி என்றால் நூற்றில் ஏழு பங்கைத் தாண்டிவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதி வைத்த எண்களை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

ஆகவே நாளைக்கே ஒரு அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்குங்கள், சொட்டு விட்டு நிறம் பார்க்கிற வகை. நனைத்து எடுக்கிற ஸ்ட்ரிப்பில் பலவற்றில் அம்மோனியா சோதனையே இருக்காது, பார்த்து வாங்கவும். அந்த நீல மருந்துக்கும் இன்னொரு பொம்மைக்கும் ஆகிற காசில் கிட் கிடைக்கும். தினம் ஒரு தடவை பாருங்கள். 0.25 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) காட்டினால் பத்து லிட்டர் வாளி ஒன்று, அதாவது கால்வாசிக்கும் கொஞ்சம் குறைவு, எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். 0.5 காட்டினால் காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. 1 காட்டினால் பாதித் தண்ணீரை அன்றைக்கே மாற்றுங்கள், ஒரே மூச்சில் கொட்டாமல் ஒரு மணி நேரத்தில் நாலைந்து தவணையாக ஊற்றி. மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் கிட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், இந்தப் பாதி மாற்றத்தை உடனே செய்து ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள். கிட் கைக்கு வரும்வரை தினம் காலையில் ஒரு வாளி மாற்றுவதில் தப்பில்லை. தண்ணீர் மாற்றினால் பாக்டீரியா போய்விடுமே என்பார்கள், அது ஒட்டியிருப்பது ஸ்பாஞ்சில் என்பதால் போகாது.

மாற்றும் தண்ணீரை எப்போது பிடிக்கிறீர்கள் என்பதும் உண்டு. மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மத்தியானம் இரண்டு மணிக்குக் கை சுடும். ராத்திரியே வாளியில் பிடித்து, முடிந்தால் ஏர் ஸ்டோன் ஒன்றை அதில் போட்டு, காலையில் ஊற்றுங்கள். போரிலிருந்து நேராக வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம், ராத்திரி நின்றால் சரியாகிவிடும். உங்கள் சம்ப்பில் மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ கலக்கும் வழக்கம் இருந்தால் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் சொட்டு போடாமல் ஊற்றவே கூடாது. கேன் தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த யோசனை அதுவாகத்தான் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் யாராவது சொல்வார். வேண்டாம். அதில் தாதுக்கள் மிகக் குறைவு. நான் சொன்ன பாக்டீரியா வேலை செய்யும்போது தண்ணீரின் காரத்தைத் தின்றுகொண்டேதான் வேலை செய்யும், கேன் தண்ணீரில் தின்ன அதிகம் இல்லாததால் பி.எச். ஒருநாள் தடாலென்று விழும். உங்கள் மாலிகளும் அதில் உருப்படாது.

எல்லாவற்றையும்விடச் சிறந்த மருந்து ஒன்று இருக்கிறது, கடையில் விற்காது. தெரிந்தவர் வீட்டில் ஆறு மாதமாகவாவது நன்றாக ஓடும், நோய் இல்லாத தொட்டி இருந்தால், அவர்கள் ஃபில்டரில் இருக்கும் அழுக்கேறின ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டித் தரச் சொல்லுங்கள். அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே ஊறியபடி டப்பாவில் வாங்கி வந்து, வழியில் எங்கேயும் நிற்காமல், உங்கள் ஃபில்டருக்குள் சொருகுங்கள். ஆறு வாரக் கதை ஒன்றிரண்டு வாரத்தில் முடியக்கூடும். பாட்டிலில் வரும் பாக்டீரியா சிலது வேலை செய்கிறது, சிலதில் எதுவும் தெரியவில்லை, அழுக்கு ஸ்பாஞ்சு அளவுக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவிவிடாதீர்கள். நான் மீன்வளம் படித்து முடித்து முதன்முதலாக சொந்தமாகத் தொட்டி வைத்தபோது, ஊரிலிருந்து மாமா வருகிறார், தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கல், ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் எடுத்துக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினேன். புதன்கிழமைக்குள் பதினொரு மீன் போனது. பரீட்சையில் இதே அம்மோனியா, நைட்ரைட் கதைக்கு, நைட்ரஜன் சுழற்சி என்று அதற்குப் பெயர், முழு மார்க் வாங்கின ஆள் நான். அதனால் ஸ்பாஞ்சு அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த வாளித் தண்ணீரில் இரண்டு பிழி, அவ்வளவுதான். கரண்ட் மிச்சம் என்று ராத்திரி ஃபில்டரை நிறுத்தும் வழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. பாக்டீரியாவுக்கும் மூச்சு உண்டு, நிறுத்தினால் அது சாகத் தொடங்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளுக்காக பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

உப்புக்கு வருகிறேன். கடையில் சொன்னதில் பாதி சரி. மிரண்ட மீன் செவுள் வழியாக உப்பை அதிகமாக இழக்கும், தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் அந்த நஷ்டம் குறையும். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் நைட்ரைட் ஏறும்போது, உப்பில் உள்ள குளோரைடு அது செவுளுக்குள் நுழையாமல் மறிக்கும். ஆனால் கைப்பிடி கணக்கு உதவாது. லிட்டருக்கு ஒரு கிராம், உங்களுக்கு 45 கிராம், சமையலறைத் தராசில் நிறுத்து, மக்கில் கரைத்து, இன்று பாதி நாளை பாதி. உப்பு ஆவியாகாது என்பதை மறந்துவிட்டு வாரா வாரம் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள். பத்து லிட்டர் மாற்றினால் பத்து கிராம் மட்டும் திரும்பப் போடுங்கள், ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்ட மட்டும் ஊற்றினால் உப்பே வேண்டாம்.

நீல மருந்து என்பது மெத்திலீன் ப்ளூ. முட்டையில் பூஞ்சை வராமல் இருக்க நானும் தனிப் பாத்திரத்தில் பயன்படுத்துகிறேன், நல்ல மருந்துதான். ஆனால் தொட்டியில் ஊற்றினால் இப்போதுதான் ஒட்ட ஆரம்பித்திருக்கும் பாக்டீரியாவை அது முடக்கிவிடும், சிலிகான் ஓரமெல்லாம் நிரந்தரமாக நீலமாகும். உங்கள் மீனுக்கு இப்போது நோய் என்று ஒன்றும் இல்லை. இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து?

இரை. ஏஞ்சல் ஐந்து நாள் சாப்பிடாததில் நீங்கள் பதறுகிறீர்கள், நான் பதறவில்லை. இந்த அளவு மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். சாப்பிடவில்லையே என்று தினம் மூன்று வேளை போட்டு, அது கீழே இறங்கிக் கல்லுக்குள் அழுகுவதுதான் ஆபத்து. நாளை மறுநாள், விளக்கில்லாத சாயங்கால நேரத்தில், மாலிகளுக்கு ஒரு மூலையில் துளி போட்டு அவை அங்கே போனதும், ஏஞ்சல் இருக்கும் பக்கம் நாலே நாலு சின்ன உருண்டை போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நீங்கள் நின்று பார்த்தால் அது வராது. பத்து நிமிடத்தில் தின்னாததை வலையால் எடுங்கள். உலர் இரையைத் தொடாவிட்டால் உறையவைத்த ரத்தப்புழுவில் ஒரு கட்டியின் கால்பங்கைக் கரைத்துக் கொடுங்கள். கொசுப் புழு கண்டால் எப்பேர்ப்பட்ட ஏஞ்சலும் விரதத்தை முடித்துக்கொள்ளும், ஆனால் அதற்காக வீட்டில் வாளி வைத்துக் கொசு வளர்த்தால் மாநகராட்சி ஆள் வந்து அபராதம் போட்டுவிட்டுப் போவார், அதற்கு நான் பொறுப்பில்லை. கடையில் உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது, நோய் இல்லாத தொட்டிக்கு அதைக் கொண்டுவர வேண்டாம்.

இன்னும் பத்து நாளைக்கு ஒரு விஷயத்தை மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். துடுப்பிலோ உடம்பிலோ ரவை ஒட்டின மாதிரி வெள்ளைப் புள்ளி. மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கும். அதுதான் வெள்ளைப் புள்ளி நோய், மிரண்ட மீனைத்தான் முதலில் பிடிக்கும். நம் ஊர்ச் சூட்டில் அந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று நாலைந்து நாளில் முடிந்துவிடும், அதனால் வேகமாகப் பரவும், வேகமாக விரட்டவும் முடியும். ஹீட்டர் வைத்துச் சூட்டை 30இல் நிறுத்தி, உப்பை இரண்டு நாளில் படிப்படியாக லிட்டருக்கு இரண்டு மூன்று கிராமுக்கு உயர்த்தி, ஏர் பம்பை அதிகமாக்கி, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். புள்ளி வந்தால் எழுதுங்கள், வராமலே உப்பை ஏற்றாதீர்கள். மற்றபடி சென்னையில் ஏஞ்சலுக்கு ஹீட்டர் தேவைப்படுவது மார்கழி, தை ராத்திரிகளில்தான், தண்ணீர் 24க்குக் கீழே போகும்போது.

வேறு இரண்டு சமாச்சாரம், அவசரமில்லாதவை. ஏஞ்சல் நன்றாக வளர்ந்தால் நீளம் 15 சென்டிமீட்டர், மேல் துடுப்பிலிருந்து கீழ்த் துடுப்பு வரை உயரம் அதைவிட அதிகம். ஓரடி உயரத் தொட்டியில் அது ஒரு வருடம் இருக்கலாம், அப்புறம் ஒன்றரை அடி உயரமாவது தேவைப்படும். தனியாக இருக்கிறதே, ஜோடி வாங்கிவிடலாமா என்று தோன்றும். இந்தத் தொட்டியில் வேண்டாம், இரண்டு ஏஞ்சல் என்றால் ஒன்று மற்றதை மூலைக்குத் துரத்திக்கொண்டே இருக்கும், நீங்கள் மறுபடி எனக்கு இதே கடிதத்தை எழுதுவீர்கள். மூன்று மாலியில் ஒன்றாவது பெண்ணாக இருந்தால் கடையிலிருந்தே வயிற்றோடு வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, குட்டி போட்டால் ஏஞ்சல் தின்றுவிடும். மகளுக்கு அதை முன்கூட்டியே எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

புது மீன் எதுவும், கணவர் கொளத்தூர் பக்கம் வேறு வேலையாகப் போனாலும், அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்ஜியம் காட்டும்வரை வீட்டுக்குள் வரக்கூடாது.

அடுத்த வெள்ளிக்கிழமை மகளின் நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், செவுள் எண்ணிக்கையும் அம்மோனியா எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஏஞ்சல் அப்போதும் ஃபில்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது, ஆனால் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்று எழுதினால் எனக்கு அதுவே போதும்.